தொண்ணூறு வயது வரை

என் லாத்தாவின், அதாவது என் அக்காவின், மாப்பிள்ளை ரங்கூனுக்குப் போனபோது அவளுக்கு இருபது வயது. கலியாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. திருநெல்வேலியில் ரயிலேறி, நாகப்பட்டினம் போய், அங்கிருந்து கப்பலில் போனார். மூன்று கடிதங்கள் வந்தன. அரிசி ஆலை வேலை உடம்புக்கு ஒத்துவரவில்லை, ஆற்றின் மேல்பக்கம் உள்ள ஒரு மரக்கடைக்குப் போகிறேன், போய்ச் சேர்ந்து விலாசம் எழுதுகிறேன் என்று மூன்றாவதில் இருந்தது. அந்த விலாசம் வரவேயில்லை.

ரங்கூனிலிருந்து திரும்பி வந்தவர்களிடமெல்லாம் கேட்டோம். காய்ச்சலில் மௌத்தாகிவிட்டார் என்றார் ஒருவர். பர்மாக்காரி ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார், கண்ணால் கண்டேன் என்றார் இன்னொருவர். இரண்டும் பொய் என்றார் மூன்றாமவர். இப்படியே ஒன்பது வருஷம் போயிற்று.

நான் அப்போது எங்கள் தெருப் பள்ளிவாசலில் லெப்பை. பாங்கு சொல்வது, இறந்தவரின் மையித்தைக் குளிப்பாட்டுவது, கலியாணப் புத்தகம் எழுதுவது எல்லாம் என் பொறுப்பு. எனக்கு முன்னால் என் வாப்பா செய்த வேலை அது. தாமிரபரணிக்குத் தெற்கே வயலை ஒட்டிய நெசவாளர் ஊர் எங்களுடையது. எங்கள் தெருக்காரர்கள் ஹனபி மத்ஹபு என்ற சட்ட வழிக்காரர்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஷாபி மத்ஹபு. தொழுகையில் அவர்கள் கை கட்டும் இடம் கொஞ்சம் வேறு, ஆமீனைச் சத்தமாகச் சொல்வார்கள், அவ்வளவுதான். பெண் கொடுப்போம், எடுப்போம். நமக்குக் கிதாபு தெரியாது, தெரிந்த இமாம்கள் ஆராய்ந்து சொன்ன வழியில் நடந்துகொள்ள வேண்டும். அதற்குத் தக்லீது என்று பேர். அதில் எனக்கு அன்றும் சந்தேகம் இருந்ததில்லை, இன்றும் இல்லை. எனக்குக் குமட்டியது வேறு.

வாய்க்கால் கரையில் சாயத்தொட்டி வைத்திருந்த ஒருவர் மனைவியை இழந்தவர். நூலுக்குச் சாயம் போட்டுக் கொடுக்கிறவர் என்பதால் எங்கள் வீட்டுக்குப் பழக்கம். லாத்தா நூல் சுற்றிக் கொடுத்துத்தான் எங்கள் குடும்பம் பாதி நடந்தது. அவர் தன் பெரியம்மாவை அனுப்பி லாத்தாவைக் கேட்டார். அந்த அம்மா வந்து பேசிவிட்டுப் போகும்வரை லாத்தா ராட்டையை விட்டு எழுந்திருக்கவில்லை. போன பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, நான் மாப்பிள்ள உள்ளவளா, இல்லாதவளா? ஆலிம்சாகிட்ட கேட்டுச் சொல்லு" என்றாள். ஒன்பது வருஷத்தில் அவள் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

எங்கள் பள்ளிவாசல் ஆலிம்சா அம்பாசமுத்திரத்துப் பக்கத்துக்காரர். வேலூரில் மார்க்கச் சட்டம் ஓதியவர். ஐம்பது வயதிருக்கும், சிரிப்பது அபூர்வம். நான் கேட்ட பிறகு இரண்டு நாள் கிதாபுகளைப் புரட்டினார். பிறகு கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். நம் மத்ஹபில், காணாமல் போனவன் உயிரோடிருக்கிறான் என்றே கொள்ள வேண்டும். அவன் வயதுக்காரர்கள் எல்லாரும் போய்ச் சேரும் காலம் வரை, அதாவது அவனுக்குத் தொண்ணூறு வயது ஆகும் வரை, அவள் அவன் மனைவிதான். நான் மனதில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்போது லாத்தாவுக்கு எண்பதைத் தாண்டியிருக்கும்.

ஆலிம்சா அதோடு விடவில்லை. மாலிக்கி மத்ஹபில், விசாரித்துத் தேடிப் பார்த்த பிறகு நான்கு வருஷம் கெடு வைப்பார்கள். அது கழிந்தால் அவள் நான்கு மாதம் பத்து நாள் இத்தா என்ற காத்திருப்பில் இருந்து விடுதலையாகலாம். நெருக்கடியில் அந்தத் தீர்ப்பை எடுத்துக்கொள்வதில் குற்றமில்லை என்று நம் மத்ஹபின் பின்னால் வந்த பெரியவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்குக் காழி, அதாவது மார்க்க நீதிபதி, வேண்டும். காழி இல்லாத நாட்டில் ஜமாஅத்து கூடி விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். "நான் ஒத்த ஆளா சொன்னா அது என் இஷ்டம்னு ஆயிரும். ஜமாஅத்தக் கூட்டச் சொல்லும்" என்றார்.

ஜமாஅத்து என்றால் அதன் தலைவரான முத்தவல்லி. முத்தவல்லி என்றால் எங்கள் ஊர் நூல் முதலாளி. தெருவில் பாதித் தறிகளுக்கு அவர் வீட்டிலிருந்துதான் நூல் வரவேண்டும். ஆகவே அவர் தலையசைத்தால் பள்ளிவாசலில் பதினைந்து தலை அசையும். நான் அவரிடம் போய்ச் சொல்வதற்குள் அவர் வீட்டிலேயே ஒரு காரியம் நடந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டுப் போய்ச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். ஆணக் குழம்பில் கறி குறைவாக இருந்திருக்கிறது. அவர் மனைவி, காய்ச்சலாகக் கிடந்த தங்கை வீட்டுக்கு முதலில் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பிவிட்டார்கள். அதற்காகத் தட்டைத் தூக்கி முற்றத்தில் எறிந்துவிட்டு, மச்சினனும் கணக்கப்பிள்ளையும் கேட்க, மூன்று தலாக்கையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷக் குடும்பம். ஐந்து பிள்ளைகள். மூத்த மகளுக்கு அடுத்த மாதம் கலியாணம்.

சாயங்கால அசர் தொழுகைக்குள் அவருக்குப் புத்தி தெளிந்துவிட்டது. ஆலிம்சாவைக் கூப்பிட்டு அனுப்பினார். ஆலிம்சா கேட்டது இரண்டே கேள்வி. சொன்னீரா, எத்தனை தடவை சொன்னீர். பிறகு, மூன்றும் விழுந்துவிட்டது, இனி அவர்கள் உமக்கு அந்நியப் பெண், இத்தாவுக்கு உரியதைச் செய்யும் என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலை நான் அந்த வீட்டுக்குக் கூப்பிடப்பட்டேன். முற்றத்தின் மூலையில் எங்கள் பள்ளிவாசல் கூட்டுகிற கால் ஊனமான மனிதர் நின்றுகொண்டிருந்தார். அவரைக் குளிக்க வைத்துப் புதுக் கைலி கட்டிவிட்டிருந்தார்கள். எதற்கு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. என்னைப் பார்த்ததும், பிரியமாக ஏதோ கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார். மூன்று தலாக் விழுந்த பெண், இன்னொருவரைக் கட்டி அவரும் விட்ட பிறகுதான் முதல் மாப்பிள்ளைக்குத் திரும்ப முடியும். இத்தா முடிந்ததும் இவருக்கு அந்த அம்மாவைக் கட்டிவைத்து, மறுநாள் தலாக் சொல்ல வைப்பது என்று பேசி வைத்திருந்தார்கள். அதற்கு அவரைக் கைப்பிடியில் வைத்திருக்கவே அந்தக் கைலி. நாற்பது வயதைக் கடந்த, ஐந்து பிள்ளை பெற்ற ஒரு பெண்ணை, ஒரு நாளைக்கு இரவல் கொடுத்து வாங்குவது போல இந்தப் பெரிய மனிதர்கள் வெற்றிலை மென்றுகொண்டே பேசினார்கள். ஆலிம்சா வந்தார். ஊனமானவரின் தோளில் கைவைத்து வீட்டுக்குப் போகச் சொன்னார். செய்கிறவனுக்கும் செய்விக்கிறவனுக்கும் சாபம் உண்டு என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவரும் போய்விட்டார்.

நாலாம் நாள் வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். பெரிய தலைப்பாகை, நெடி அடிக்கிற அத்தர், துணியில் கட்டிய கிதாபுகள். மூன்று நாள் முதலாளி வீட்டில் தங்கிச் சாப்பிட்டார். அவர் சாப்பிடுவதைப் பார்த்தவன் நான். தாடியில் நெய் வழிய, எலும்பை உறிஞ்சிக்கொண்டே சட்டம் சொன்னார். முதலாளியின் தாய்வழி ஷாபி அல்லவா என்றார். ஷாபி மத்ஹபில், பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் பொறுப்பாளரான வலி பாவியாக இருந்தாலும், சாட்சிகள் தொழுகையில்லாதவர்களாக இருந்தாலும் நிக்காஹ் செல்லாது. நிக்காஹே கூடவில்லை என்றால் தலாக் எதன்மேல் விழும்? ஆகவே இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அந்த அம்மாவைக் கட்டிக்கொடுத்த அவர்கள் வாப்பா பாவி என்று நிரூபித்தால் போதும். இன்றைக்கே புதிதாக நிக்காஹ் ஓதிக்கொள்ளலாம். பிள்ளைகள் கதி என்ன என்று யாரோ கேட்டார்கள். தெரியாமல் நடந்ததால் பிள்ளைகளுக்குக் குறையில்லை என்று சொல்லி விரலை நக்கினார்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஷாபி ஆலிம்சாவை ஒப்புக்குச் சாட்சியாகக் கூப்பிட என்னைத்தான் அனுப்பினார்கள். அவர் முழுவதும் கேட்டார். இருபத்திரண்டு வருஷம் வாழ்ந்துவிட்டு, தலாக் சொன்ன பிறகு இப்படிச் சொல்வதை எங்கள் கிதாபுகளும் ஏற்காது என்றார். கடைசியில், "இந்த வேலைக்கு எங்க இமாம எதுக்குவே இழுக்குதீரு?" என்று கேட்டார். நான் தனியாகவே வாய்க்காலைத் தாண்டித் திரும்பினேன்.

அன்று மத்தியானம் முதலாளி என்னைத் தனியாக அழைத்தார். கலியாணப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அந்த நிக்காஹை எழுதியது என் வாப்பா. அழகான எழுத்து, அரபுத் தமிழில் மாப்பிள்ளை பேர், பெண் பேர், வலி, சாட்சிகள். அதற்குப் பக்கத்தில் இருந்த இடத்தில், வலியாக இருந்தவர் கள் குடிப்பவர், சாட்சிகள் தொழாதவர்கள் என்று என் வாப்பா என்னிடம் சொல்லியிருந்ததாக நான் எழுதித் தரவேண்டும் என்றார். என் வாப்பா அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வலியாக இருந்து, பிறகு மௌத்தாகிப்போன அந்த மனிதரை எனக்கே தெரியும். மழைக் காலத்தில் வாய்க்கால் நிறைந்து ஓடினாலும் விடியற்காலைச் சுபுஹு தொழுகைக்கு முழங்கால் நனைய வந்து நிற்கிறவர்.

நான் தயங்கினேன். முதலாளி குரலைத் தாழ்த்தி, "லெப்பை, ஒம்ம லாத்தா காரியமும் எனக்குத் தெரியும்வே. இத முடிச்சுக் குடும். அத நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

நான் எழுதினேன். லாத்தாவுக்காக எழுதினேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பாதி பயம். அந்த வீட்டு வாசலில் நின்று முடியாது என்று சொல்லக்கூடிய ஆளாக நான் இருந்ததில்லை. என் வாப்பாவின் எழுத்தைப் போலவே இருக்கவேண்டும் என்று எழுத்தைச் சாய்த்து வேறு எழுதினேன். அதை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கூசுகிறது. பொய்யை அழகாக எழுத வேண்டுமென்று பார்த்திருக்கிறேன்.

எழுதியதை வெளியூர்க்காரர் உரக்கப் படித்தார். திரைக்குப் பின்னால் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார்கள். படித்து முடித்ததும் உள்ளேயிருந்து குரல் வந்தது. "லெப்பை, எங்க வாப்பா குடிச்சாவன்னு ஒங்க வாப்பாவா சொன்னாவ?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்றேன். மகளின் கலியாணம் அடுத்த மாதம். அந்த அம்மா என்ன செய்ய முடியும்? அசருக்கு முன் புது நிக்காஹ் ஓதி முடித்தார்கள். அதையும் நானே எழுதினேன். சீனி கொடுத்தார்கள், வாயில் போட்டதைத் தெரு முனையில் துப்பினேன். அன்றிலிருந்து எத்தனையோ நாள் எனக்குச் சோற்றில் கை வைத்தால் அந்த நெய்த் தாடி ஞாபகம் வந்துவிடும்.

ஆலிம்சாவை அந்த வாரமே நிறுத்திவிட்டார்கள். உடம்புக்கு முடியாததால் ஊருக்குப் போகிறார் என்று சொல்லிக்கொண்டார்கள். அவர் கிதாபுகளைச் சாக்கில் கட்டும்போது நான் போய் நின்றேன். நான் எழுதியது அவருக்குத் தெரியும். திட்டவில்லை. கட்டிக்கொண்டே சொன்னார்: "இமாமோட சொல்ல நாம பிடிச்சிக்கிட்டு நடக்கது நம்ம ஆசைக்குப் போடுத மூக்கணாங்கயிறு. அத அடுத்தவன் மாட்டுக்குப் போட்டுட்டு நம்ம மாட்ட வயல்ல மேயவிடக் கூடாதுவே." வண்டி வந்தது. மூட்டையைத் தூக்கக்கூட என்னை விடவில்லை.

முதலாளி வீட்டு மகள் கலியாணம் முடிந்து பத்து நாளில் லாத்தா காரியத்துக்கு ஜமாஅத்து கூடியது. வாக்குக் கொடுத்தபடி கூட்டினார், அதில் குறையில்லை. ஆலிம்சா சொன்ன மாலிக்கி விபரத்தை நான் சொன்னேன். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு நிதானமாக, மத்ஹபு விட்டு மத்ஹபு தாவுவது பெரிய பாவம் என்று ஆரம்பித்தார். நம் பாட்டன் பூட்டன் பின்பற்றிய இமாமின் சொல்லை ஒரு பெண்பிள்ளைக்காகத் தாண்டலாமா என்றார். நமக்கு என்ன அறிவு, என்ன இல்மு இருக்கிறது, பெரியவர்கள் தொண்ணூறு என்றால் தொண்ணூறுதான் என்றார். பேசும்போது குரல் தழுதழுத்தது. நடித்தார் என்றுகூட நான் நினைக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் அதை உண்மையாகவே நம்பினார். அருவருப்பிலும் அதுதான் பெரிய அருவருப்பு.

கடைசி வரிசையில் ஒரு நெசவாளி, "போன மாசம் வேற மாதிரில்லா நடந்துது?" என்றார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது வேறு, இது வேறு என்றார் முதலாளியின் மச்சினன். தன் அக்காவின் வாப்பாவை, அதாவது தன் வாப்பாவையே, குடிகாரர் என்று எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிய ஆள் அவர். இன்னொருவர், ஒன்பது வருஷம் இருந்தவளுக்கு இனிமேல் என்ன அவசரம் வந்தது என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். தொழுகைப் பாயில் உட்கார்ந்து, என் முகத்துக்கு நேராக, என் லாத்தாவைப் பற்றிச் சிரித்தார்கள்.

அந்தப் புத்தகம் என் மடியிலேயே இருந்தது. திறந்து காட்டி, நீங்கள் தாவவில்லையா என்று கேட்டிருக்கலாம். கேட்டால், எழுதியது யார் என்று வரும். சரி என்று தலையசைத்துவிட்டு எழுந்து, தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்யும் தொட்டிக்குப் போய் வாய் கொப்பளித்தேன். தண்ணீர் நல்ல ஆற்றுத் தண்ணீர்தான். எனக்கு எத்தனை தடவை கொப்பளித்தாலும் வாய் கசந்தது.

லாத்தாவிடம் போய்ச் சொன்னேன். அவள் அழவில்லை. ராட்டையில் இருந்த நூலை முழுவதும் சுற்றி முடித்தாள். அப்புறம் கேட்டாள்.

"அந்தப் பெரிய வீட்டம்மா வாப்பா குடிகாரருன்னு எழுதுனது நீதானா?"

பெண்களுக்குள் செய்தி வந்திருந்தது. ஆமாம் என்றேன். உனக்காகத்தான் எழுதினேன் என்றும் சொன்னேன்.

"எனக்காகன்னு சொல்லாத. ஒனக்காக எழுதுன. ஒருத்தி வாப்பாவ அசிங்கப்படுத்தி எனக்கு ஒரு மாப்பிள்ள வேண்டாம்" என்றாள்.

அடுத்த வாரம் எங்கள் சின்னம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, மேற்கே ஆலிம்சா ஊருக்குப் போய்விட்டாள். ஆற்றங்கரைக் கோரையை அறுத்துக் காயவைத்துப் பாய் நெய்கிற சின்ன ஊர் அது. சின்னம்மாவின் மாமியார் வீடு அங்கே இருந்தது. லாத்தா பாய்த்தறிக்குப் பழகிக்கொண்டாள். அந்த ஊர் ஜமாஅத்து மொத்தம் பன்னிரண்டு வீடு. சேற்றுக் காலோடு பள்ளிவாசலுக்கு வருகிறவர்கள். ஆலிம்சா அவர்களைக் கூட்டி விபரம் சொன்னார். அவர்கள் ஒரு நாள் முழுக்க யோசித்தார்கள். ஒருவர், பாவம் வந்தால் யார் மேல் என்று கேட்டாராம். விசாரிக்காமல் விட்டால் நம் மேல் என்று ஆலிம்சா சொன்னாராம். அதன் பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

அவர்கள் விசாரித்த விதத்தைச் சொல்ல வேண்டும். ரங்கூன் பள்ளிவாசல்களுக்கும், பினாங்குக்கும், கொழும்புக்கும் கடிதம் போட்டார்கள். அந்தப் பக்கம் போகிற ஒவ்வொருவரிடமும் மாப்பிள்ளையின் அடையாளம் எழுதிக் கொடுத்தார்கள். ரங்கூனிலிருந்து ஒரு பதில் வந்தது, இப்படி ஒருவர் இங்கே இருப்பதாகத் தெரியவில்லை என்று. அன்றிலிருந்து நான்கு வருஷம் கெடு வைத்தார்கள். நடுவில் ஐரோப்பாவில் சண்டை மூண்டு கடிதப் போக்குவரத்து தாமதமாயிற்று. அதற்காகக் கெடுவுக்கு மேல் இன்னும் ஐந்து மாதம் பொறுத்துப் பார்க்கச் சொன்னார்கள். லாத்தா அதற்கும் சரி என்றாள்.

சாயத்தொட்டிக்காரர் காத்திருக்கவில்லை. லாத்தா ஊரை விட்டுப் போன எட்டாவது மாதமே இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் எத்தனை நாள் பார்ப்பார்? லாத்தாவிடம் நான் ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். கேட்டுவிட்டு, பெண் நல்ல பெண்ணா என்று மட்டும் விசாரித்தாளாம்.

கெடு முடிந்ததும் அவள் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்தாள். முகம்கூடச் சரியாக ஞாபகமில்லாத மனிதருக்காக ஓர் அறையில் இருந்தாள். வெளியே வந்தபோது அவளுக்கு முப்பத்தைந்து.

இதற்கிடையில் நான் லெப்பை வேலையை விட்டிருந்தேன். விட்டதற்கு முந்தின நாள் பெரிய வீட்டுக்குப் போய், திரைக்கு இந்தப் பக்கம் நின்று, உங்கள் வாப்பாவைப் பற்றி என் வாப்பா ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் எழுதினேன் என்று சொன்னேன். "அன்னைக்கே தெரியும்" என்றார்கள் அந்த அம்மா. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஊர் முன்னால் சொல்லும் தைரியம் எனக்குக் கடைசிவரை வரவில்லை. முதலாளி அதற்கப்புறமும் முத்தவல்லியாக இருந்தார். மத்ஹபைக் காப்பாற்றியவர் என்று அவரைப் பற்றிப் பேசிக்கொள்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். நான் ஒரு குழித்தறியில் கூலிக்கு நெய்யப் போனேன்.

இத்தா முடிந்த மறு வருஷம் கோரை அறுக்கிற ஒருவரை லாத்தா கட்டிக்கொண்டாள். செய்தி சொல்ல வந்தவரிடம் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தாள்: "தம்பிய சாப்பிட வரச் சொல்லுங்க. வலிக்கும் சாட்சிக்கும் இங்கன ஆளு இருக்கு."

உடன்பிறந்தவன் இருக்க வேறொருவர் முன்னே நிற்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. போகாமல் இருந்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு போனேன். வலி இடத்தில் சின்னம்மாவின் மாமனார் உட்கார்ந்தார். ஆலிம்சா சாட்சிகளைக் கேட்டபோது முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்தார்கள். கையெல்லாம் கோரை கிழித்த காயம். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நிக்காஹ் முடிந்து சோறு போட்டார்கள். பிசைந்து வாயில் வைத்தேன்; இறங்கியது. லாத்தாவை வாசல் வழியாக ஒரு தடவை பார்த்தேன். யாரோடோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மாலையில் பாய் ஏற்றிக்கொண்டு கிழக்கே போகிற வண்டியில் எனக்கு இடம் கிடைத்தது.